பத்தாவது ஆணியில் கொட்டாவி

தண்ணீர் மீட்டர் பார்க்க வரும் அந்த மனிதரிடம் ஐந்து நிமிஷம் பேச்சுக் கொடுத்தவர்கள் யாரும் அந்த ஒரு பாயிண்ட்டைக் கேட்காமல் தப்பியதில்லை. மூடியைத் தூக்குவார், குனிந்து பார்ப்பார், எண்ணை எழுதுவார், போகிற போக்கில், "நான் கொட்டாவிகிட்ட ஒரே ஒரு பாயிண்ட்ல தோத்தவன்" என்பார். குத்துச்சண்டையைப் பற்றி ஒன்றும் தெரியாத வீட்டுக்காரி, பாவம், மனுஷனுக்கு ஏதோ வியாதி என்று நினைத்து உட்கார நாற்காலி போடுவாள். மருமகனாக வரப்போகிறவன் முதல்முறை வீட்டுக்கு வந்தபோதும் அவன் பெயரைக் கேட்பதற்கு முன்பே இதைத்தான் சொன்னார். "பரவாயில்லைங்க மாமா, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றான் அவன். நல்ல பையன், அதனால்தான் பெண்ணைக் கொடுத்தார்.

ஆபீசில் அவருக்குக் கண்கண்டவர் என்று பெயர். கேட்டு பூட்டியிருந்தால் மற்ற மீட்டர்காரர்கள் போன மாதத்து எண்ணைப் பார்த்து உத்தேசமாக ஒன்றை எழுதிவிட்டுப் போய் டீ குடிப்பார்கள். இவர் சுவரேறிக் குதிப்பார். மீட்டர் குழிக்குள் மண் மூடியிருந்தால் குப்புறப் படுத்து, முகம் பார்க்கும் கண்ணாடியை உள்ளே விட்டு, தலைகீழாகத் தெரியும் எண்ணை நேராக்கி எழுதுவார். இரண்டு முறை நாய் கடித்திருக்கிறது, ஒரு முறை ஒரு வீட்டுக்காரரே கடித்திருக்கிறார் என்று சொல்கிறார்கள். முப்பத்திரண்டு வருஷத்தில் தன் கண்ணால் பார்க்காத எண் ஒன்றைக்கூட அவர் பென்சில் எழுதியதில்லை. இந்த மாதிரி ஆளோடு குடும்பம் நடத்துவது எத்தனை கஷ்டம் என்று அவர் மனைவியைத்தான் கேட்க வேண்டும். அவள் பஸ் ஸ்டாண்டில் டிக்கெட் கவுண்டரில் உட்காருகிறவள், நாள் முழுக்கப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்து வாய் திறக்கமாட்டாள்.

சரி, யார் இந்தக் கொட்டாவி? ஒன்பது வருஷம் லேசான எடைப் பிரிவில் சாம்பியனாக இருந்தவர். இருபத்து மூன்று முறை பட்டத்துக்குப் போட்டி, இருபத்து மூன்றிலும் வெற்றி. ஆனால் எல்லாமே ஒரே ஒரு பாயிண்ட் வித்தியாசத்தில். யாரையும் கீழே விழவைத்தவரில்லை, ஒரு மூக்கில் ரத்தம் பார்த்தவரில்லை. அவர் சண்டையைப் பார்த்தால் ஜனங்களுக்குக் கொட்டாவி வரும், அந்தக் கொட்டாவியே அவர் பெயராகிவிட்டது. பட்டப் போட்டியைக் கடைசியில் வைப்பதுதானே உலக வழக்கம்? அவருடையதை மட்டும் எப்போதும் இரண்டாவதாக வைத்தார்கள், ஜனங்கள் டீ குடிக்கப் போவதற்குத் தோதாக இருக்கட்டும் என்று. அவர் பட்டம் வென்ற அத்தனை தடவையும் நாற்காலிகள்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

அந்த இருபத்து மூன்று பேரில் ஒருவர்தான் நம் கண்கண்டவர். அப்போது அவருக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். புது மனைவிக்குத் தோள்பட்டை காட்ட வேண்டுமே என்று குத்துச்சண்டைப் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தார். போட்டிக்கு வரவேண்டியவனுக்குப் பல்வலி. எடைக்குப் பொருந்தி வந்த ஒரே ஆள் இவர். பிடித்து இழுத்து மேடையில் ஏற்றிவிட்டார்கள். ஆறு ரவுண்டு நின்றார், ஒரு பாயிண்ட்டில் தோற்றார். அதோடு கையுறையைக் கழற்றியவர்தான்.

இப்போது முப்பத்தோரு வருஷம் கழித்து, குத்துச்சண்டைச் சங்கம் தன் ஹாலுக்கு வெள்ளையடித்து, 'எக்காலத்துக்கும் சிறந்த பத்துப் பேர்' என்று சுவரில் படம் மாட்டப் போகிறது. ஆணி பத்து அடித்தாகிவிட்டது, ஒன்பதில் ஆட்கள் ஏறிவிட்டார்கள். பத்தாவதுக்குத்தான் தகராறு. சங்கத் தலைவர் ஒரு பல் டாக்டர், அவருக்கு 'இடி' என்பவன்மேல் ஆசை. இடி மொத்தம் ஐந்து சண்டை போட்டு நாலில் தோற்றவன். ஆனால் நடுவரை வீழ்த்தியிருக்கிறான், மேடைக் கம்பத்தை வீழ்த்தியிருக்கிறான், ஒரு தடவை மணியையே குத்தி மணிக்காரரை வீழ்த்தியிருக்கிறான். அவன் புண்ணியத்தில் டாக்டருக்கு வந்த பற்கள் கொஞ்சநஞ்சமல்ல.

கண்கண்டவர் கொதித்துப்போனார். பின்னே? கொட்டாவி பத்தில் ஒருவரானால் இவர் யார்? எக்காலத்துக்கும் சிறந்த வீரனிடம் ஒரே ஒரு பாயிண்ட்டில் தோற்றவர். கொட்டாவி அந்தச் சுவரில் இல்லையென்றால் இவர் யார்? மெத்தைக் கடையில் வேலை பார்க்கும் ஒரு கிழவனிடம் எப்போதோ தோற்ற மீட்டர்காரர். முப்பத்தோரு வருஷப் பெருமை அந்த ஒரு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

நேரே டாக்டரிடம் போனார். டாக்டர் யாரோ ஒருவரின் வாய்க்குள் கைவிட்டிருந்தார்.

"இருபத்து மூணுக்கு இருபத்து மூணு டாக்டர்! ஒருத்தனாவது அவரை ஜெயிச்சிருக்கானா? இடி எத்தனை ஜெயிச்சான்?"

"ஒண்ணு. ஆனா அந்த ஒண்ணை ஜனங்க இன்னும் பேசறாங்களே சார்."

"ஜனங்க டீக்கடையில இருந்தாங்க!"

வாயைத் திறந்து படுத்திருந்தவர் ஆமாம் என்பதுபோல ஏதோ சத்தம் போட்டார். டாக்டருக்கு இவரை எப்படியாவது அனுப்ப வேண்டும். "வாயால சொன்னா ஆச்சா? பழைய பாயிண்ட் கார்டெல்லாம் பெட்டியில இருக்கு. எடுத்துட்டுப் போங்க. ஒண்ணு விடாம பாத்து எழுதிக் கொடுங்க, கமிட்டியில வைக்கலாம். நீங்க எழுதினா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க" என்றார்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. டாக்டரும் அதைத்தான் செய்தார், இவரும் அதைத்தான் செய்தார்.

விடுமுறை நாள் காலை. சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, கண்ணாடியைத் துடைத்து, பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு முதல் கார்டை எடுத்தார். மனைவி எதிரே உட்கார்ந்து துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். கார்டில் சிவப்பு மூலை, நீல மூலை என்று இரண்டு பத்தி. ஒவ்வொரு ரவுண்டிலும் எத்தனை குத்து பட்டது என்று கீழே கீழே எழுதி, அடியில் கூட்டுத்தொகை. கொட்டாவி சிவப்பு. ஒன்று, பூஜ்யம், இரண்டு, ஒன்று, பூஜ்யம், ஒன்று. கூட்டுத்தொகை ஏழு என்று போட்டிருந்தது. எதிராளிக்கு ஆறு.

மனதுக்குள் கூட்டினார். ஐந்து வந்தது. விரலை விட்டுக் கூட்டினார். அப்போதும் ஐந்துதான் வந்தது.

"ஏம்மா, இதைக் கொஞ்சம் கூட்டேன்."

"அஞ்சு" என்றாள் அவள், நிமிராமல்.

மீட்டரில் கறுப்பு எண்களும் இருக்கும், சிவப்பு எண்களும் இருக்கும். கறுப்பை மட்டும்தான் படிக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லோரும் சிவப்பையும் சேர்த்துப் படித்துத் திட்டு வாங்குவார்கள். கார்டைப் பார்த்ததும் அவருக்கு அதுதான் ஞாபகம் வந்தது. படிக்கக் கூடாத எண் ஒன்றை யாரோ சேர்த்துப் படித்திருக்கிறார்கள். மேலே பார்த்தார். சிவப்புப் பத்தியின் தலைமேல் ஒரு சின்னக் கட்டம், அதில் போட்டியின் வரிசை எண் எழுதியிருந்தது. 2.

அந்த நாளில் சங்கத்துக்குப் பாயிண்ட் எழுதியவர் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். காலமாகிப் பல வருஷமாயிற்று. மனுஷர் மேலிருந்து கீழே வந்த எண்களையெல்லாம் ஒன்று விடாமல் கூட்டியிருக்கிறார், வரிசை எண்ணையும் சேர்த்து. கணக்கு வாத்தியார் கூட்டியதைத் திரும்பக் கூட்டிப் பார்க்க எவனுக்குத் தைரியம் வரும்? ஊரில் பாதிப்பேர் அவரிடம் அடி வாங்கியவர்கள். உண்மையில் அந்தச் சுவரில் முதல் ஆணி அவருக்குத்தான் போயிருக்க வேண்டும்.

அடுத்த கார்டு. அதே கதை. அதற்கடுத்தது, அதுவும் அப்படியே. கொட்டாவியின் போட்டி எப்போதும் இரண்டாவது. கொட்டாவி எப்போதும் சிவப்பு மூலை. ஒவ்வொரு தடவையும் ஒரு பாயிண்ட்டில் தோற்றிருக்கிறார், வரிசை எண் இரண்டைச் சேர்த்து ஒரு பாயிண்ட்டில் ஜெயித்திருக்கிறார்! ஒன்பது வருஷ சாம்பியன், தோற்காத வீரன், ஒரு சண்டைகூட ஜெயிக்கவில்லை.

கண்கண்டவர் கார்டுகளை வேகவேகமாகப் புரட்டினார். முதலில் பயத்தில். பிறகு பத்துப் பதினைந்து கார்டு போனதும் வேறொரு எண்ணம் வந்து, சந்தோஷத்தில். அப்படியென்றால் நானும் அவரை ஜெயித்திருக்கிறேனே! தன் கார்டை மட்டும் தனியாக எடுத்துக் கவிழ்த்து வைத்தார். இருபத்திரண்டையும் முடித்துவிட்டு எழுந்து நின்றுகொண்டார்.

"என்னங்க, எதுக்கு நிக்கறீங்க?"

"உன் புருஷன் யாருன்னு இப்போ பாக்கப் போறே."

அவள் கையிலிருந்த துண்டை இரண்டாக மடித்தாள், நாலாக மடித்தாள். அவர் கார்டைத் திருப்பினார்.

கொட்டாவியின் பெயர் நீலப் பத்தியில் இருந்தது. இவர் பெயர்தான் சிவப்பில். அப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்றைக்கு மேடையேறியதும் பதற்றத்தில் எந்த முக்காலி யாருடையது என்று தெரியாமல், மனைவி உட்கார்ந்திருந்த நாற்காலி தெரிகிற மூலையாகப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். கொட்டாவியும் ஒன்றும் சொல்லாமல் தன் துண்டை எடுத்துக்கொண்டு எதிர் மூலைக்குப் போய்விட்டார்.

சிவப்புப் பத்தியின் தலையில் 2. அதன் கீழே ஆறு ரவுண்டுக்கும் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். கூட்டுத்தொகை இரண்டு. எதிரே கொட்டாவிக்கு மூன்று.

ஒரு பாயிண்ட் இல்லை, மூன்று பாயிண்ட். உலகத்தில் யார் வேண்டுமானாலும் ஜெயிக்கக்கூடிய கொட்டாவியிடம் உண்மையாகவே தோற்ற ஒரே ஒரு ஆள் இவர்தான். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது சரி, அந்தப் பூதத்தின் முகம் நம் முகம் மாதிரியே இருந்தால் என்ன செய்வது? நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "என்ன ஆச்சு?" என்று மனைவி கேட்டதற்கு, "கூட்டிட்டிருக்கேன்" என்றார். ஆறு பூஜ்யத்தை அரைமணி நேரம் கூட்டினார் மனுஷர்.

சாயங்காலம் மெத்தைக் கடைக்குப் போனார். கொட்டாவிக்கு இப்போது எழுபது நெருங்குகிறது. அதே ஒடிசலான உடம்பு, அதே அமைதியான முகம். வாடிக்கையாளர் மெத்தையில் படுத்துப் பார்க்க வேண்டும், விற்பவரும் பக்கத்து மெத்தையில் படுத்துக் குணம் சொல்ல வேண்டும், அந்தக் கடை முதலாளியின் கட்டளை அது.

"வாங்க தம்பி, படுங்க."

"படுக்க வரலைண்ணே. ஒரு விஷயம் கேக்கணும்."

"படுத்துட்டே கேளுங்க. நின்னு பேசினா முதலாளி திட்டுவாரு."

இருவரும் இரண்டு மெத்தையில் மல்லாக்கப் படுத்துக்கொண்டார்கள். கண்கண்டவர் கூரையைப் பார்த்துக்கொண்டே வரிசை எண் விஷயத்தைச் சொல்லி முடித்தார். பாவம், கிழவனுக்கு நெஞ்சு வெடித்துவிடுமோ என்று பயம்.

"தெரியுமே" என்றார் கொட்டாவி.

"தெரியுமா!"

"வாங்கினவனுக்குத் தெரியாதா எத்தனைன்னு? ஒருத்தர் ஒண்ணு கொடுத்தா நாமளும் ஒண்ணு திருப்பிக் கொடுக்கணும், அதுதானே மரியாதை. கடைசியா ஒண்ணு மட்டும் அவங்களுதா இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுருவேன். சண்டைக்குன்னு கிளம்பி வந்த ஆளு, மனசு நோகக் கூடாதில்ல?"

"அப்போ தோத்துட்டேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"முதல் தடவை என் கையைத் தூக்கினாங்க பாருங்க, அப்பவே சொல்ல வாயைத் திறந்தேன் தம்பி. பல்லுக்கு மாட்டின ரப்பர் உள்ள இருந்துச்சு. அதை எடுக்கறதுக்குள்ள இடுப்புல பெல்ட்டைக் கட்டிட்டாங்க. அப்புறம் யாரு போய் வாத்தியார்கிட்ட 'சார், கூட்டல் தப்பு'ன்னு சொல்றது? நான் அவருகிட்ட ஏழாம் கிளாஸ் ரெண்டு தடவை படிச்சவன்." படுத்தபடியே ஒரு கையைத் தூக்கிக் காட்டி, "தூக்கின கையை எப்படி இறக்கச் சொல்றதுன்னு தெரியாமலே ஒன்பது வருஷம் போயிடுச்சு" என்றார்.

கண்கண்டவர் புரண்டு படுத்தார். கேட்காமல் போய்விடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் கேட்காமல் போனால் அவர் கண்கண்டவர் இல்லையே.

"என் சண்டை?"

"அதை மறப்பேனா? நீங்க ஒண்ணு கொடுப்பீங்க, திருப்பித் தரலாம்னு காத்துட்டே இருக்கேன். நீங்களானா கண்ணை இறுக்க மூடிட்டு, நான் இல்லாத பக்கமாப் பாத்து வீசிட்டிருக்கீங்க. உடம்புக்கு ஏதோ முடியலை போலிருக்கேன்னு லேசாத் தட்டிக் கேட்டேன். பதில் இல்லை. நாலாவது ரவுண்டுல ஒரு தடவை கேட்டேன். ஆறாவதுல ஒரு தடவை. அவ்வளவுதான் தம்பி. நான் உங்களை அடிக்கவே இல்லை, விசாரிச்சேன்."

தீர விசாரிப்பதே மெய் என்று பெரியவர்கள் சொல்லி வைத்தது இந்த மாதிரி விசாரணையை நினைத்து இருக்காது. கண்கண்டவருக்கு அழுகை வந்தது. கண்ணை மூடியது உண்மைதான். முதல் ரவுண்டில் மூலையிலிருந்து மனைவியைப் பார்த்தார். அவள் கையால் வாயைப் பொத்தி, கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். ஐயோ, என் மேல் அடி விழுவதைப் பார்க்கப் பயந்து கண்ணை மூடிக்கொண்டாளே என்று இவருக்கு உருகிவிட்டது, தைரியம் போய்விட்டது, இவரும் மூடிக்கொண்டார். மூடிக்கொண்டு வீசியதில் குருட்டாம்போக்கில் இரண்டு பட்டிருக்கிறது என்று இத்தனை நாளும் நம்பினார். பார்க்காத எண்ணை எழுதமாட்டேன் என்று ஊரெல்லாம் சுவரேறிக் குதித்த மனுஷர், பார்க்காத எண் ஒன்றை முப்பத்தோரு வருஷமாக வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறார்.

"மெத்தை எப்படி இருக்கு?" என்றார் கொட்டாவி.

"நல்லாத்தான் இருக்கு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் அறிக்கை எழுத உட்கார்ந்தபோது வழி இரண்டுதான் இருந்தது. இருபத்து மூன்று வெற்றி என்று எழுதினால் கொட்டாவிக்கு ஆணி, இவருக்கு அந்த ஒரு பாயிண்ட், யாருக்கும் நஷ்டமில்லை. உள்ளதை எழுதினால் கொட்டாவி சுவரை விட்டு இறங்குவார், அவரிடமே தோற்ற ஒரே பிரகஸ்பதி என்று இவர் பெயர் நிலைக்கும். பென்சிலை மூன்று தடவை சீவினார். பிறகு எழுதினார்: போட்டி இருபத்து மூன்று. தோல்வி இருபத்திரண்டு. வெற்றி ஒன்று. கையெழுத்துப் போட்டுவிட்டார்.

டாக்டர் படித்துவிட்டு வெலவெலத்துப்போனார். "இது வெளிய போச்சுன்னா இருபத்திரண்டு பேரும் பெல்ட் கேட்டு வந்து நிப்பாங்களே! இருபத்து மூணு வெற்றின்னு மாத்தி எழுதிடுங்க சார், கொட்டாவியையே மாட்டிடறேன்."

"பாக்காததை எழுத மாட்டேன்."

"அப்போ இடிதான். ஒரு வெற்றிக்கு ஒரு வெற்றி சரியாப் போச்சு."

கண்கண்டவர் எழுந்தார். வாசல்வரை போனவர் ஏதோ தோன்றித் திரும்பினார். உள்ளபடியே கேட்டார், மிரட்டத் தெரிந்தவரில்லை. "டாக்டர், மாட்டியிருக்கிற ஒன்பது பேருக்கும் பாயிண்ட் போட்டது அதே வாத்தியார்தானே? அந்தக் கார்டையும் கொடுங்களேன். ஒரு பார்வை பாத்துடறேன்."

டாக்டரின் கையிலிருந்த இடுக்கி கீழே விழுந்தது. பல் டாக்டருக்கே பல் கிட்டித்துப்போவதை அன்றுதான் அவருடைய நர்ஸ் பார்த்தாள். அன்று மத்தியானமே கொட்டாவியின் படம் பத்தாவது ஆணியில் ஏறியது. கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில்தான், இருந்தாலும் ஆணி ஆணிதானே. படத்தின் கீழே என்ன எழுதுவது என்பதில் மட்டும் கண்கண்டவர் விட்டுக்கொடுக்கவில்லை. டாக்டர் எழுத்தைச் சின்னதாகப் போட்டால் போதும் என்று ஒப்புக்கொண்டார்: 'இருபத்து மூன்று முறை பட்டம் பெற்றவர். அதில் ஒரு முறை உண்மையாகவே வென்றார்.'

ஹால் திறப்பு விழாவுக்கு மனைவியோடு போனார். கொட்டாவியும் வந்திருந்தார், முன்வரிசையில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். கண்கண்டவர் படத்தின் முன்னால் நின்று அந்தச் சின்ன எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் உன்னாலதான்" என்றார் மெதுவாக. "அன்னிக்கு நீ பயந்து கண்ணை மூடினே. அதைப் பாத்து நானும் மூடிட்டேன்."

"நான் எங்க மூடினேன்?"

"வாயைப் பொத்திக்கிட்டு, கண்ணை இறுக்கி..."

அவள் யோசித்தாள். "ஓ, அதுவா? கொட்டாவி விட்டேன். எல்லாரும்தான் விட்டாங்க."

கண்கண்டவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"ஒரு கொட்டாவிதான்" என்றாள் அவள். "மத்தபடி ஆறு ரவுண்டும் கண்ணை எடுக்காமப் பாத்தேன். எல்லாரும் டீ குடிக்கப் போயிட்டாங்க, நான் போகலை. நீங்க ஒரு அடிகூட அடிக்கலை."

"அப்போ... ஒரு பாயிண்ட் ஒரு பாயிண்ட்னு நான் சொல்லும்போதெல்லாம்?"

"சொல்லும்போது உங்க முகம் நல்லா இருக்கும். இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

அவர் அவளைப் பார்த்தார். மீட்டர் பார்ப்பதுபோலக் குனிந்து கிட்டத்தில் பார்த்தார். இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்த முகம், சரியாகப் படிக்காமல் விட்டுவிட்டோமே என்று இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கழிவறையிலிருந்து ஒரு மனிதர் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். எதிரே இருந்த படத்தைப் பார்த்தார், கீழே இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார், சிரித்துவிட்டார்.

"ஒரு முறை உண்மையாகவே வென்றாராமே! யாருங்க அந்த ஆளு, இவருகிட்டயும் போய்த் தோத்தவன்?"

கண்கண்டவர் வாயைத் திறந்தார். முப்பத்தோரு வருஷப் பழக்கம், ஆனால் சொல்ல இப்போது அந்த ஒரு பாயிண்ட் இல்லை. மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தாள்.

"இவர்தான்" என்றாள். "நான் நேர்ல பாத்தேன்."